தாள் எண் 417

[வந்தது 9 மார்ச். பதில் எழுதியது 3 ஏப்ரல். – கா.]

ஸ்பூனர் மேடு
6 மார்ச் 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். படி ஏறும்போது மட்டும் இடுப்பு தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. உன் கண்புரை எப்படி இருக்கிறது? அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயா, இல்லை எழுபத்து மூன்று வயதில் அதற்கும் இன்னும் இரண்டு வருடம் யோசிக்கப் போகிறாயா?

இங்கே இரண்டாவது குளிர்காலமும் மழையில்லாமல் போயிற்று. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. போன வாரம் மாவட்டக் குழுவிலிருந்து ஓர் ஆள் வந்தான். நம் பள்ளத்தில் அணை கட்டி நீர்த்தேக்கம் ஆக்கப் போகிறார்களாம். ஓக் மரம் வரைக்கும் தண்ணீர் நிற்குமாம். மரத்தடியில் புதைத்திருக்கும் உன் மைத்துனர் ரூஃபஸைத் தோண்டி எடுத்து ஊர்க் கல்லறையில் வைத்துத் தருவார்களாம், செலவு அவர்களுடையதாம். இதைச் சொன்னபோது அவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

அருகிப்போன செடி இருக்கிற நிலம் என்றால் இப்போது கை வைக்கத் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாநிலத்துச் செடிக்காரரை வரவழைத்தேன். பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அம்மா, இங்க வெடிப்புதான் இருக்கு, செடி இல்லையே" என்றார்.

"தண்ணி நின்னு வத்தினாத்தான் அது முளைக்கும். ரெண்டு வருஷமா தண்ணியே நிக்கல" என்றேன்.

"அப்ப முன்னாடி இருந்துச்சுன்னு, செடிய உலர்த்தி ஒட்டின ஒரு தாள் காட்டுங்க. யார் எடுத்தது, எந்த இடம், எந்தத் தேதி. அது போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்கூடப் பிறந்தவன் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு பேரினத்தைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீ நவரெட்டியா என்பாய், எங்களுக்குக் குண்டூசிச் செடி. அந்தப் பள்ளத்தில் எத்தனை தடவை மண்டி போட்டிருப்பாய்! ஒரு தாளாவது உங்கள் செடிக் காப்பகத்தில் இல்லாமலா போகும்? அணை பற்றிய விசாரணை ஆகஸ்ட் 26. நிறைய நாள் இருக்கிறது. ஆனாலும் உன்னை நான் அறிவேன், அதனால் இப்போதே கேட்கிறேன்.

வால்நட் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். பல் ஜாக்கிரதை.

உன் தங்கை
ஐடா

*

பெர்க்லி
3 ஏப்ரல் 1977

அன்புள்ள ஐடாவுக்கு,

உன் நலம் அறிந்து மகிழ்ச்சி. இடுப்புக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார். என் இடது கண் மங்கல்தான். வலது கண்ணால் சமாளிக்கிறேன். வால்நட் உடையாமல் வந்தது. நன்றி.

பதில் இருபத்தைந்து நாள் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். செய்தி மிகவும் வருத்தமளித்தது. பெரும்பாலானோர் தண்ணீர் வந்தால் செடிக்கு நல்லது என்று நினைப்பார்கள். இந்தச் செடிக்கு அப்படியில்லை. குளிர்காலத்தில் மூழ்க வேண்டும், கோடையில் காய வேண்டும். வற்றாத தண்ணீரில் அது ஒரே வருடத்தில் அழிந்துவிடும்.

தாள் பற்றிக் கேட்டிருக்கிறாய். இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய முப்பது இனங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இரண்டு அங்குல முள் உருண்டைகள். புல்லிவட்டத்தின் பற்களை லென்ஸ் வைத்து எண்ணாமல் எதுவும் சொல்ல முடியாது. எண்ணிய பிறகும் நான் பலமுறை தவறியிருக்கிறேன். தவிர, உங்கள் பள்ளத்தில் நான் அதிகம் சேகரித்ததில்லை. ரூஃபஸுக்கு அது பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். இருக்கிறது என்று இப்போது சொன்னாலும் அவசரம், இல்லை என்று சொன்னாலும் அவசரம். தேடுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்
கார்லிஸ்

*

[வந்தது 13 ஏப்ரல். பதில் எழுதியது 22 மே. – கா.]

ஸ்பூனர் மேடு
10 ஏப்ரல் 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன். இடுப்பு அப்படியே இருக்கிறது, உப்புதான் தீர்ந்தது.

நீ தேடு, நன்றாகத் தேடு. நிச்சயமாகத் தெரியாத செடிக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுவது உங்கள் வழக்கம் என்பாய். உன் விஷயத்தில் வழக்கம் முற்றிவிட்டது. அம்மா சமைத்த பீன்ஸுக்கே நீ கேள்விக்குறி போட்டவன். அதனால் கேள்விக்குறியோடு இருந்தாலும் பரவாயில்லை, தாளை அனுப்பு.

ரூஃபஸ் உன்னைக் கேலி செய்தது உண்மைதான். வைக்கோல் வெட்டும் வாரத்தில், ஆள் பற்றாத நேரத்தில், மச்சினன் சேற்றில் முழங்கால் போட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தால் யார்தான் சும்மா இருப்பார்? "ஏய் பூப்பொறுக்கி, இங்க வாடா, உன்னோட குண்டூசிய இவங்களுக்கும் காட்டு" என்று வேலையாட்கள் நடுவில் உன்னை நிறுத்தினாரே, அன்றைக்கு நான் அவரிடம் சண்டை போட்டேன். "அவன் பயந்தாங்கொள்ளிதான், ஆனா என்னைவிட நல்லவன்டி. சும்மா விளையாட்டு" என்றார். இது உனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருடம் கழித்துச் சொல்கிறேன்.

ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை. தீவனக் கடையில் பத்துப் பேர் முன்னால் மெர்ல் ஹாப்கட் கேட்டார்: "என்ன ஐடா, மனுசனுக்குக் குடிக்கத் தண்ணியில்ல, உனக்குக் குண்டூசி கேக்குதா?"

"மெர்ல், உன் பேரிக்காத் தோப்புக்குப் பதினெட்டு வருசமா ஓடையத் திருப்பி விட்டியே, அப்ப ஊர்க்காரங்களுக்குத் தாகம் எடுக்கலையா?"

"அது வேற, இது வேற."

"ஆமா. அது உன் தோப்பு, இது என் புருசன்."

என் தீவன மூட்டையை மெர்ல்தான் வண்டியில் ஏற்றினார்.

சீக்கிரம் எழுது.

ஐடா

*

பெர்க்லி
22 மே 1977

அன்புள்ள ஐடாவுக்கு,

நலம். உன் நலனை வேண்டுகிறேன். தாமதத்துக்கு மறுபடியும் மன்னிப்பு. காப்பகத்தில் அலமாரிகளை இடம் மாற்றுகிறார்கள். இந்தப் பேரினத்தின் பெயர்களும் இடையில் மூன்று முறை மாற்றப்பட்டதால் பழைய தாள்கள் எந்த உறையில் இருக்கின்றன என்று சொல்வது கடினம்.

வேறொரு யோசனை. பள்ளத்தின் வெடிப்புகளில் பழைய காய்ந்த தலைகள் கிடக்கலாம். தேடிப் பார். மற்றச் செடிகளின் காய் வெயிலில் வெடிக்கும். பள்ளத்துக் குண்டூசியின் காய் நனைந்தால்தான் வெடிக்கும். அதுவரை எத்தனை வருடமானாலும் விதையை உள்ளேயே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தலையைத் தட்டில் வைத்துத் தண்ணீர் விடு. காய் திறந்து, விதைகள் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வெளியே வரும். இதைச் செடிக்காரரிடம் செய்து காட்டினால் ஒருவேளை தாளே தேவைப்படாமல் போகலாம்.

தாள் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விசாரணையில் தாளில் ஒட்டிய விவரச் சீட்டு முழுவதையும் வாசிப்பார்களா, அல்லது இடத்தின் பெயர் மட்டும் போதுமா? நாள் அவசியம்தானா? விசாரித்து எழுதினால் உதவியாக இருக்கும்.

ரூஃபஸ் சொன்னதாக நீ எழுதியிருந்ததைப் படித்தேன். அதை எனக்கு எழுதியிருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
கார்லிஸ்

*

[வந்தது 18 ஜூன். பதில் எழுதியது 20 ஜூலை. – கா.]

ஸ்பூனர் மேடு
15 ஜூன் 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். கண் ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கிவிட்டதாக உன் வாடகை வீட்டுக்காரம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். அன்றைக்குத் தனியாகப் போகாதே.

நீ சொன்னபடி வெடிப்புக்குள் கத்தியை விட்டுத் துழாவி நாலு தலை எடுத்தேன். காப்பித் தட்டில் தண்ணீர் விட்டு உட்கார்ந்திருந்தேன். பேரிக்காய்ப் பச்சடி கிளறி இறக்குவதற்குள் திறந்துவிட்டது. நனைந்தால் வாய் திறக்கிறது. உன்னைவிடத் தேவலை. செடிக்காரருக்கும் காட்டினேன். "அழகா இருக்கு, ஆனா இதை வச்சு இனம் சொல்ல முடியாதும்மா. இந்தத் தலைய எங்கிருந்து வேணும்னாலும் கொண்டு வந்திருக்கலாம்னு குழுவோட வக்கீல் சொல்வாரு. தாள்தான் வேணும்" என்கிறார். சீட்டை முழுவதும் வாசிப்பார்களாம், நாளும் வேண்டுமாம். நாள் எதற்கு என்று நீயா கேட்கிறாய்? நாளும் இடமும் இல்லாத செடி வெறும் வைக்கோல் என்று என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தவன் நீ.

நேற்று ஜூன் 14. அவர் போய் முப்பத்தாறு வருடம். ஓக் மரத்தடிக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன். பூ எதுவும் இல்லை, தண்ணீரும் இல்லை, வெறும் கையோடு நின்றேன். அன்றைக்கு நான் மாமியாரோடு ஊருக்குள் முட்டை விற்கப் போயிருந்தேன். நீ யூக்காயாவுக்குச் செடி ஒட்டும் தாள் வாங்கப் போயிருந்தாய். டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்தபோது பண்ணையில் ஒரு மனிதர் இல்லை. சாயந்தரம் நாம் எல்லோரும் சேர்ந்து அதைத் தூக்கினோம். "ஒரே நொடிம்மா. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். என் வாழ்க்கையில் எனக்கு என்று மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான், அண்ணா. அதில்தான் இத்தனை வருடம் குடியிருக்கிறேன்.

அவரைத் தோண்ட விடாதே. தாளை அனுப்பு.

ஐடா

*

பெர்க்லி
20 ஜூலை 1977

அன்புள்ள ஐடாவுக்கு,

நலம். இடது கண்ணுக்குச் சிகிச்சை முடிந்தது. கட்டுப் பிரித்துவிட்டார்கள். உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

எல்லா உறைகளையும் பார்த்துவிட்டேன். அந்தப் பள்ளத்திலிருந்து தாள் எதுவும் இல்லை.

வருந்துகிறேன்.

அன்புடன்
கார்லிஸ்

*

[வந்தது 6 செப்டம்பர். பதில் எழுதியது 2 நவம்பர். – கா.]

ஸ்பூனர் மேடு
2 செப்டம்பர் 1977

அண்ணனுக்கு,

நலம். உன் கண் இப்போது நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதை நீயே படி. வேறு யாரையும் படிக்கச் சொல்லாதே.

"தாள் எதுவும் இல்லை." உன் வாழ்நாளில் கேள்விக்குறியும் "ஒருவேளை"யும் இல்லாமல் நீ எழுதிய முதல் வாக்கியம் அது. அதனால்தான் நான் நம்பவில்லை. கண் வலியோடு சரியாகத் தேடியிருக்கமாட்டாய், சொல்ல வெட்கப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டு உன் காப்பகத்துக்கே போன் செய்தேன். மிஸ் ஓக்ஸ் என்ற பெண் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "வெண்டல் ஐயாவோட தாளா? போன வாரம்கூட வெளியே எடுத்து மேசையில வச்சிருந்தாரே" என்றாள். நகல் எடுத்து, செடியை லென்ஸில் பார்த்து அருகிய இனம்தான் என்று ஒரு வரியும் சேர்த்து, விசாரணைக் குழுவுக்கு நேரே அனுப்பிவிட்டாள்.

26ஆம் தேதி பள்ளிக்கூட மண்டபத்தில் நூறு பேர். உறையைப் பிரித்தவர் கண்ணாடி கொண்டு வரவில்லை. "உங்க அண்ணன் கையெழுத்துதானே, நீங்களே வாசிங்கம்மா" என்று என்னிடம் தந்தார். எழுந்து நின்று பெருமையாக வாசித்தேன். பேரினம் நவரெட்டியா. இடம் டெபெட்ஸ் பண்ணை, வற்றிய பள்ளத்தின் வட கரை. வெண்ணீலப் பூ. மிகுதி. எடுத்தவர் கார்லிஸ் வெண்டல். எண் 417. நாள், 14 ஜூன் 1941.

வாய் வாசித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

அந்தத் தேதி ஊரில் யாருக்குத் தெரியாது? மண்டபத்தில் பாதிப் பேருடைய அப்பன்மார் அன்றைக்கு வந்து கயிறு பிடித்து இழுத்தவர்கள். பின்னால் மெர்லின் குரல் மட்டும் கேட்டது: "ஐடா, அன்னிக்குத்தானே…" யாரோ "உஷ்" என்றார்கள். கண்ணாடி இல்லாதவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ரொம்பத் தெளிவான ஆதாரம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். அணையைக் கிழக்குப் பள்ளத்தாக்குக்கு மாற்றுகிறார்களாம். பள்ளம் இருக்கும், மரம் இருக்கும், ரூஃபஸ் இருப்பார். மெர்ல் என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, விலை கொடுத்து வண்டியில் ஏற்றி வந்த தண்ணீரில் ஒரு குவளை தந்தார். "குடி, ஐடா. எதுவும் பேசாத, குடி."

அன்று சாயந்தரம் நீ சாலை வழியாகத்தான் வந்தாய். நீயும் கயிறு பிடித்தாய். உன் கால்சட்டையில் இரண்டு முழங்காலிலும் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது. யூக்காயாவில் ஏது சேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான்தான் அதைத் துடைத்துவிட்டேன்.

அவர் விழுந்ததை நீ பார்த்தாயா? இதை மட்டும் எழுது.

ஐடா

*

பெர்க்லி
2 நவம்பர் 1977

அன்புள்ள ஐடாவுக்கு,

உன் உடல்நிலை எப்படி இருக்கிறது? குளிர் தொடங்கிவிட்டது. இடுப்பை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்.

ஐம்பத்தேழு நாளாக ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம் தொடங்கினேன். பார்க்கவில்லை. அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. பள்ளத்திலிருந்து தெற்கு வாய்க்கால் தெரியாது. நடுவில் மண் மேடு இருக்கிறது. இது உண்மை.

அன்று நான் பள்ளத்தில் இருந்தேன் என்பதும் உண்மை. யூக்காயாவுக்குப் போவதாகச் சொன்னது, வைக்கோல் வேலைக்கு அவர் என்னை இழுத்துப்போவார் என்ற பயத்தால். பூ முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திருப்பி எடுக்க எனக்கு ஒரு நல்ல தருணம் அமையவில்லை. முப்பத்தாறு வருடத்தில் ஒன்றுகூடவா அமையவில்லை என்று நீ கேட்கலாம்.

ஜூலையில் அந்தத் தாளை மூன்று முறை வெளியே எடுத்தேன். 14ஐ 24 ஆக்குவது பெரிய வேலையில்லை. பேனாவில் மை நிரப்பி வைத்துக்கொண்டேன். முடியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல முடிந்தது, டாக்டரிடம் முடிந்தது, பாதிரியாரிடம் முடிந்தது. சீட்டில் முடியவில்லை. இதை நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதே. என்னவென்று எனக்கே தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

அன்புடன்
கார்லிஸ்

*

[அஞ்சலட்டை. வந்தது 10 நவம்பர். பதில் எழுதியது 12 பிப்ரவரி. – கா.]

7 நவம்பர் 1977

பார்க்கவில்லை. சரி.

கேட்டாயா?

செடி எடுக்கப் போனால் குறிப்பேட்டில் மணி போட்டு எழுதுவாய். கல்யாண வீட்டில்கூட எழுதியவன் நீ. அந்தப் பக்கத்தை அப்படியே எழுதி அனுப்பு. திருத்தாதே.

ஐடா

*

பெர்க்லி
12 பிப்ரவரி 1978

அன்புள்ள ஐடாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அட்டையில் உன் நலம் எழுதவில்லை, என் நலமும் கேட்கவில்லை. இருமல் தவிர எனக்குக் குறையில்லை. டிசம்பரிலிருந்து நல்ல மழை; உங்கள் பள்ளம் நிறைந்திருக்கும்.

குறிப்பேடு தொலைந்துவிட்டது என்று எழுத நினைத்தேன். அப்படி ஒரு கடிதம் எழுதி உறையிலும் போட்டேன். அனுப்பவில்லை. பக்கத்தைக் கீழே தருகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ரூ. என்பது ரூஃபஸ். பெயர்களைச் சுருக்கி எழுதுவது வழக்கம்.

"சனி, 14 ஜூன் 1941. தெளிவான வானம். காற்று இல்லை.

9.40. வந்து சேர்ந்தேன். சைக்கிள் ஓக் மரத்தடியில். பள்ளம் வற்றி ஒன்பது நாள் இருக்கும் (?). தெற்கே டிராக்டர் சத்தம்.

10.05. வட கரை. கயிறு கட்டிச் சதுரங்கள் பிரித்தேன். சதுரம் 1: 41 செடி. சதுரம் 2: 38.

10.30. டிராக்டர் சத்தம் நின்றது.

10.35. ரூ. கூப்பிடுகிறார். என் பெயர். சைக்கிளைப் பார்த்துவிட்டார் போலும்.

10.50. மறுபடியும். 'பூப்பொறுக்கி'. கோரைக்குள் நகர்ந்து உட்கார்ந்தேன். சதுரம் 3: 44.

11.20. இப்போது கேலிப்பெயர் இல்லை. என் பெயர் மட்டும். பிறகு 'தயவுசெய்து' (?). விளையாட்டாக இருக்கலாம் (?).

11.20 – 12.10. சதுரம் 4: 29. சதுரம் 5: 33. சதுரம் 6: 40. விட்டுவிட்டுக் கூப்பிடுகிறார். ஐ. பெயரும்.

12.10. நின்றது.

12.40. போய்விட்டார் என்று கருதி மாதிரி எடுத்தேன், வேரோடு 12 செடி. எண் 417. சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்குக் கதவு வழியாக வெளியேறினேன்."

பக்கம் இவ்வளவுதான்.

ஐ. என்பது நீ.

கார்லிஸ்

*

[வந்தது 17 ஜூன் 1978. பதில் எழுதியது ______ . – கா.]

[கடிதம் இல்லை. பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் ஒரு செடி, வேரோடு. கூடவே இந்தச் சீட்டு.]

பேரினம்: நவரெட்டியா

இடம்: டெபெட்ஸ் பண்ணை, பள்ளத்தின் வட கரை, கோரையை ஒட்டி. தெற்கு வாய்க்காலிலிருந்து நூற்று எழுபது தப்படி.

நாள்: 14 ஜூன் 1978, காலை 11.20. காற்று இல்லை.

எண்ணிக்கை: எண்ணவில்லை.

எடுத்தவர்: ஐடா டெபெட்ஸ். எண் 1.

குறிப்பு: வாய்க்காலில், டிராக்டர் கிடந்த இடத்தில், மெர்ல் ஹாப்கட் மல்லாந்து படுத்துக்கொண்டார். அங்கிருந்து தலையைத் திருப்பினால் ஓக் மரத்தடி தெரிகிறது என்றார். ஒரு சைக்கிள் நின்றால் தெரியும் என்றார். நான் பள்ளத்துக்குப் போய்க் கோரைக்குள் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கத்த வேண்டாம், நெஞ்சில் பாரம் இருப்பவன் எவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சத்தத்தில் "தயவுசெய்து" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் என்று முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கேட்டது. கேள்விக்குறி இல்லை.